பேயும் விசாரணையும்: வராத படத்துக்குக் காத்திருப்பவர்கள் குறித்து

1

ஆர்த்தி தியேட்டர் ரோட்டுப் பக்கம் நான் வழக்கமாக டீ குடிக்கிற கடையில், சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் நாலைந்து பையன்கள் கூடுவார்கள். ஒருவனுக்கு நாகல் நகரில் பூட்டுப் பட்டறை வேலை. நாள் முழுக்க அரம் பிடித்துக் காய்த்துப்போன கை. ஒருவன் செல்போன் ரிப்பேர் பார்க்கிறவன். மற்றவர்கள் வேடசந்தூர் பக்கம் நூல் மில்லில் ஷிப்டு வேலை. இவர்களுக்குள் சாதி வேறு, கட்சி வேறு, அபிமான நடிகர் வேறு. பொதுவாக இருப்பது பேய்ப்படம் ஒன்றுதான். எந்தப் பேய்ப்படம் எந்த வெள்ளிக்கிழமை வருகிறது என்று பஞ்சாங்கம் மாதிரி மனப்பாடமாகச் சொல்வார்கள். காஞ்சனாவில் நாலாவது, டிமான்டி காலனியில் மூணாவது என்று எண்களாலேயே பேசிக்கொள்வார்கள்.

இந்தப் பஞ்சாங்கத்தில் ரொம்ப நாளாகத் தேதி விழாமல் கிடந்த ஒரு படம் மிஷ்கினின் 'பிசாசு 2'. படப்பிடிப்பின் ஒரு பகுதி 2021இல் திண்டுக்கல் பக்கம் நடந்தது. 2022இல் டீசர் வந்தது. அந்த வருஷம் ஆகஸ்ட் 31, விநாயகர் சதுர்த்தியன்று வெளியீடு என்றார்கள். அன்றைக்கு வரவில்லை. 2023 போனது, 2024 போனது, படம் வரவில்லை. பணத் தகராறு நீதிமன்றம் வரை போன செய்தி மட்டும் வந்தது. "நம்ம ஊருப் பக்கம் எடுத்த பேயண்ணே, நமக்கே காட்ட மாட்டேங்குறாங்க" என்று பட்டறைப் பையன் சொல்லும்போது மற்றவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் கோபமும் இருக்கும்.

'எழுதுகிற ஆள்' என்பதால் எனக்குத் தெரிந்திருக்கும் என்று என்னிடம் கேட்பார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அவர்கள் கேட்கிற தொனி என்னை யோசிக்க வைத்தது. இவர்கள் எதற்காகக் காத்திருக்கிறார்கள்? பயப்படவா? இந்தப் பையன்கள் பேய்ப்படம் பார்த்துப் பயப்படுகிற வயதைத் தாண்டிவிட்டவர்கள். கதை தெரியாமலா? இடைவேளைக்குப் பிறகு என்ன வரும் என்பதைப் போஸ்டரைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். பயமும் புதுமையும் கழிந்துபோன பிறகும் மிஞ்சுகிற இந்த எதிர்பார்ப்பு எதைக் குறித்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. வெகுஜன சினிமாவின் ரசிகனை 'ஏமாற்றப்பட்டவன்' என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடும் பழக்கம் நம் வட்டாரங்களில் உண்டு. நானும் அப்படி ஒதுக்கியவன்தான். அதையும் சொல்லத்தான் எழுதுகிறேன்.

2

தமிழில் காத்திருத்தலுக்கும் பேய்க்குமான உறவு பழையது. 12ஆம் நூற்றாண்டின் கலிங்கத்துப்பரணியில் செயங்கொண்டார் காட்டும் பேய்கள் யாரையும் பயமுறுத்துவதில்லை. பசியில் வற்றி, எலும்பும் தோலுமாய்க் காளி கோயிலில் காத்துக் கிடக்கின்றன. போர் வரவேண்டும், பிணம் விழவேண்டும், கூழ் காய்ச்சிக் குடிக்கவேண்டும். இமயத்திலிருந்து திரும்பி வந்த ஒரு முதிய பேய், தான் கற்றுவந்த வித்தையைக் காளி முன் காட்டுகிறது. இல்லாத போர்க்களம், இல்லாத பிணக் குவியல், இல்லாத ரத்த ஆறு. பசித்த பேய்கள் பாய்ந்து அள்ளுகின்றன. கையில் ஒன்றும் இல்லை. இந்தப் பகுதிக்கு 'இந்திரசாலம்' என்று பெயர்.

டீசர், டிரெய்லர் எனப்படுவதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. ஒன்றரை நிமிஷம் அள்ளக் கொடுத்துவிட்டுக் கையை வெறுமையாக்கும் வித்தை அது. ஆனால் பரணியில் கவனிக்க வேண்டிய விஷயம் இன்னொன்று. இந்திரசாலத்தில் ஏமாந்த பேய்கள் பசியை மறந்துவிடுவதில்லை. காத்திருப்பை விட்டுப் போவதும் இல்லை. கலிங்கப் போர் உண்மையிலேயே நடந்து முடிந்தபோது பாத்திரம் ஏந்தி வந்து நிற்கின்றன. அப்போது பார்த்தால் அங்கேயும் பார்ப்பனப் பேய், சமணப் பேய், பௌத்தப் பேய் என்று பிரிவு இருக்கிறது. செத்த பிறகும் சாதியும் சமயமும் போகவில்லை.

ஜெர்மானிய விமர்சகர் ஹான்ஸ் ராபர்ட் யாவ்ஸ் 1967இல் முன்வைத்த ஒரு கருத்தாக்கம் இங்கே உதவும். எந்த வாசகனும் வெறும் மனதோடு ஒரு பிரதிக்குள் நுழைவதில்லை. முன்பு வாசித்தவை, அந்த வகையின் மரபுகள், அவனது வாழ்க்கை அனுபவம் எல்லாம் சேர்ந்து ஓர் எதிர்பார்ப்பின் தொடுவானத்தை ஏற்கனவே வரைந்து வைத்திருக்கின்றன என்கிறார் அவர். பிரதி அந்தத் தொடுவானத்துக்குள்ளேயே அடங்கிவிட்டால் அது நுகர்வுக்கானது; அப்படிப்பட்ட கலையைச் சமையலோடு ஒப்பிடுகிறார். தொடுவானத்தை நகர்த்தினால்தான் அது வாசகனின் அனுபவத்தை மாற்றுகிறது.

இந்தக் கணக்கில் நம் பேய்ப்படங்கள் எல்லாம் பெரும்பாலும் கூழ்தான். 2015ஆம் வருஷத்தில் மட்டும் 'காஞ்சனா 2', 'டிமான்டி காலனி', 'மாயா' என்று வரிசையாக வந்தன. ஒரு பங்களா, ஏழெட்டு நடிகர்கள், இருட்டு. செலவு குறைவு என்பதால் தயாரிப்பாளருக்கும் வசதி. சுந்தர் சி.யின் 'அரண்மனை' 2014இல் தொடங்கி 2024இல் நாலாவது பாகத்துக்கு வந்தது. சமையல் குறிப்பு கைவசம் இருக்கிறது, உப்புப் புளி கூட்டிக் குறைத்தால் போதும். ஆனால் யாவ்ஸ் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. பசித்தவனுக்குக் கூழ் ருசிக்காகத் தேவைப்படுவதில்லை. என்ன பசி என்று கேட்காமல் கூழைப் பழிப்பது பசியாதவனின் விமர்சனம்.

3

அப்படியானால் பசி எது? படங்களையே கேட்போம்.

ராகவா லாரன்ஸின் 'முனி' (2007) படத்தில் பேயாக வருகிறவர் குடிசை ஜனங்களுக்காக நின்று, தான் நம்பிய அரசியல்வாதியாலேயே கொல்லப்பட்டவர். 'காஞ்சனா' (2011) படத்தில் பேய்கள் மூன்று. பெற்றோர் விரட்டிவிட்ட ஒரு திருநங்கை, அவருக்கு அடைக்கலம் கொடுத்த முஸ்லிம் பெரியவர், அவருடைய மனவளர்ச்சி குன்றிய மகன். ஆஸ்பத்திரி கட்ட வைத்திருந்த நிலத்தை எம்.எல்.ஏ. ஒருவன் அபகரிக்கிறான், மூவரையும் கொன்று புதைக்கிறான். திருநங்கை, முஸ்லிம், மனவளர்ச்சி குன்றியவர் என்ற இந்தப் பட்டியலை எந்த அரசியல் மேடையிலும் சேர்த்துப் பார்ப்பது அபூர்வம். காமெடிக்கு நடுவே, குத்துப்பாட்டுக்கு நடுவே, ஒரு வணிகப் பேய்ப்படம் இவர்களை ஒரே குழியில் படுக்கவைத்து, ஒரே உடம்பில் எழுப்பியது.

அந்தப் படத்தின் முடிவை நினைத்துப் பாருங்கள். கொலைகாரன் ஓடிப்போய்க் கோயிலுக்குள் புகுந்துகொள்கிறான். பேய் வாசலில் நிற்கிறது, உள்ளே வரமுடியாது. கொன்றவனுக்குச் சன்னதி, செத்தவளுக்கு வாசற்படி. அங்கே நின்று காஞ்சனா சாமியிடம் வாதாடுகிறாள். சாமி வழிவிடுகிறது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தலித்துகளும் நாடார்களும் நுழைந்தது 1939 ஜூலை 8இல். எழுபது வருஷம் கழித்தும் கோயில் வாசலில் நின்று நியாயம் கேட்கிற ஓர் உருவம் நம் வெகுஜனக் கற்பனையில் உயிரோடு இருக்கிறது. ஆனால் அது உயிரோடு இருக்கப் பேயாக வேண்டியிருக்கிறது.

இது சினிமா கண்டுபிடித்ததும் அல்ல. பழையனூர் நீலி கதையை நாம் எல்லோரும் அறிவோம். கணவனால் கொல்லப்பட்ட பெண், மறுபிறவியிலும் அவனைத் தொடர்ந்து வருகிறாள். ஊர்ப் பஞ்சாயத்தில் வேளாளர் எழுபது பேர் முன் வழக்கு நடக்கிறது. எழுபது பேர் தங்கள் உயிரை ஜாமீனாக வைத்து அவனை அவளோடு அனுப்புகிறார்கள். அவள் பழி தீர்க்கிறாள். எழுபது பேரும் தீயில் இறங்கி வாக்கைக் காக்கிறார்கள். திருவாலங்காட்டுப் பக்கம் இந்த எழுபது பேரின் வாக்குத் தவறாமையைப் புகழ்ந்து இன்றும் சொல்வார்கள். நீலிக்கு என்ன கிடைத்தது? 'நீலிக்கண்ணீர்' என்ற சொல் கிடைத்தது. கொலையுண்ட ஒருத்தியின் அழுகையைப் பொய் அழுகைக்குப் பெயராக்கி வைத்திருக்கிறது நம் மொழி. தீர்ப்புச் சொன்னவர்கள் பக்கம் நின்று கதையைச் சொன்னவர்கள் செய்த வேலை இது.

ஆக, நம் பேய்க்கதையாடலின் மையத்தில் இருப்பது ஒரு விசாரணை. பேய் பயமுறுத்துவது பாதிப் படம் வரைக்கும்தான். அதற்குப் பிறகு அது பேசத் தொடங்குகிறது: யார் கொன்றார்கள், எப்படிக் கொன்றார்கள், எங்கே புதைத்தார்கள். ரசிகர்கள் இதை 'பிளாஷ்பேக்' என்கிறார்கள். கோர்ட் பாஷையில் இதுதான் மரண வாக்குமூலம். என்ன, செத்த பிறகு கொடுத்தது. மில் பையன் ஒருவன் ஒருநாள் சொன்னான்: "பேய் வர்ற சீனுல்லாம் சும்மாண்ணே. அது வாயத் தொறக்குமுல்ல, அதுக்குத்தான் உக்காந்திருக்கோம்." எனக்கு யாவ்ஸைவிட இது தெளிவாக இருந்தது.

4

இனி என் கதை. இதை எழுதலாமா என்று பல நாள் யோசித்தேன்.

என் சித்தி மகள் பதினாறு வயதில் மில்லுக்குப் போனாள். 2000களின் நடுப்பகுதி. மூன்று வருஷம் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தால் கடைசியில் மொத்தமாக ஒரு தொகை, கல்யாணத்துக்கு ஆகும் என்று புரோக்கர் சொன்னார். சுமங்கலித் திட்டம் என்பார்கள், கேம்ப் கூலி என்பார்கள். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரத்து மில்களுக்கு இப்படிப் போன பெண்பிள்ளைகள் ஏராளம். பெரும்பாலும் நிலமற்ற குடும்பம், அதில் பெரும்பங்கு தலித் குடும்பம். இதுவும் ஒரு காத்திருப்புதான். மூன்று வருஷத்துக்கு ஒருநாள் குறைவாக வெளியே வந்தாலும் தொகை கைக்கு வருமா என்பது மில் முதலாளியின் இஷ்டம்.

இரண்டாவது வருஷம் பொங்கலுக்கு வந்தவள் பேசவில்லை. சாப்பிடவில்லை. ராத்திரி எழுந்து உட்கார்ந்து, கையை ஏதோ இழை முடிகிற மாதிரி ஆட்டிக்கொண்டே இருந்தாள். 'காத்துக் கருப்பு' என்று முடிவு செய்து கோடாங்கியைக் கூட்டி வந்தார்கள். உடுக்கைச் சத்தம் ஏற ஏற அவள் ஆடத் தொடங்கினாள். கோடாங்கி கேட்டார்: "யாரு நீ? எந்த ஊரு? எப்படிச் செத்த?"

அவள் சொன்னாள். இன்னொரு பெண்ணின் பெயரைச் சொன்னாள், ஊரைச் சொன்னாள். ஹாஸ்டலில் தன் பக்கத்துப் பாயில் படுத்திருந்தவள். ராத்திரி ஷிப்டில் என்ன நடந்தது, யார் கூப்பிட்டு அனுப்பியது, மறுநாள் கிணற்றடியில் எதைக் கண்டார்கள், மேலே யார் யாரிடம் என்ன சொல்லி மறைத்தார்கள் என்று அந்தப் பெண்ணின் குரலில், 'நான்' 'நான்' என்றே சொன்னாள். நாங்கள் இருபது பேர் சுற்றி உட்கார்ந்து கேட்டோம். பிறகு உச்சிமுடியில் கொஞ்சம் எடுத்து, ஊருக்கு வெளியே புளியமரத்தில் ஆணி வைத்து அடித்தார்கள். பேய் போய்விட்டது என்றார்கள். அவளும் மெல்லச் சாப்பிட ஆரம்பித்தாள்.

நான் அப்போது தீவிர பகுத்தறிவுவாதி. மறுநாள் அவளை உட்காரவைத்துப் பேய் என்று ஒன்று இல்லை, இது மன அழுத்தம், ஹிஸ்டீரியா, மூடநம்பிக்கை என்று பொறுமையாக விளக்கினேன். அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். நான் சொன்னதில் ஒரு சொல்லும் தப்பில்லை. பேய் இல்லைதான். ஆனால் அவள் சொன்ன பெயர் இருந்தது. அந்த ஊர் இருந்தது. அந்தக் கிணறு இருந்தது. கோடாங்கி அந்தப் பெயரை ஆணியடித்து மரத்தில் விட்டார். நான் அதை 'ஹிஸ்டீரியா' என்ற சொல்லால் அடித்தேன். இருபது பேரில் ஒருவரும் அதை எழுதி வைக்கவில்லை. எழுதத் தெரிந்தவன் என்று அங்கே இருந்தவன் நான் ஒருவன்தான்.

2011இல் அவளும் சித்தியும் டவுனுக்கு வந்திருந்தபோது 'காஞ்சனா' பார்க்கக் கூட்டிப்போனேன். தியேட்டர் முழுக்க ஒரே சிரிப்பு. அவள் சிரிக்கவில்லை. பேய் வாயைத் திறந்து தன் கதையைச் சொன்னபோது நிமிர்ந்து உட்கார்ந்தாள். வெளியே வந்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்: "அண்ணே, இந்தப் பேய் சொல்றத மட்டும் எப்படிண்ணே எல்லாரும் நம்புறாங்க?"

5

இந்தக் கேள்விக்குப் பதில் தேடி நான் வாசித்தவற்றில் மூன்றை மட்டும் குறிப்பிடுகிறேன்.

முதலாவது ஐவா ஓங்கின் ஆய்வு. 1987இல் வந்த புத்தகம். மலேசியாவில் சிலாங்கூர் மாநிலத்தின் ஏற்றுமதி மண்டல மின்னணுத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த மலாய்ப் பெண்களுக்கு எந்திரத்தின் முன்பே ஆவி பிடித்தது. ஒருத்தி அலறினால் வரிசை முழுக்கப் பரவும். நிர்வாகம் ஒரு பக்கம் மந்திரவாதியை அழைத்து ஆடு வெட்டிப் பூசை போட்டது. மறுபக்கம் இது ஹிஸ்டீரியா என்று மருத்துவச் சீட்டு எழுதியது. மறுபடி மறுபடி ஆவி வந்தவளை வேலையை விட்டு நீக்கியது. ஓங் சொல்வது: கிராமத்துப் பெண்ணுடலை மணிக்கணக்குக்கும் மேற்பார்வைக்கும் பழக்குகிற தொழிற்சாலை ஒழுங்குக்கு எதிராக, நேரடியாகச் சொல்ல வழியில்லாத எதிர்ப்பு ஆவியின் மொழியில் வெளிவருகிறது. இதைப் படித்தபோது கோடாங்கியும் நானும் ஒரே நிர்வாகத்தின் இரண்டு பிரிவுகளாக வேலை செய்திருக்கிறோம் என்று புரிந்தது.

இரண்டாவது இசபெல் நபோகாவ். தமிழ்நாட்டில் 1990களின் தொடக்கத்தில் பேயோட்டும் சடங்குகளைக் கூர்ந்து பார்த்தவர். அகாலத்தில் செத்த இளைஞனின் பேய் பெண்ணைப் பிடிக்கிறது என்பதே அங்கே அடிப்படைக் கதை. பேயைப் பேசவைப்பது, பெயர் சொல்ல வைப்பது, முடியை அறுத்து மரத்தில் அடிப்பது என்ற வரிசை முழுவதும், குடும்பத்தை விட்டு விலகிய பெண்ணை மறுபடி மனைவியாக வீட்டுக்குள் கொண்டு சேர்ப்பதில் முடிகிறது என்கிறார். அதாவது சடங்கு அவளைப் பேசவிடுகிறது, பேசியதை அவளுடையதாக இருக்கவிடுவதில்லை. நம் பேய்ப்படங்களின் கடைசி ரீலும் இதைத்தான் செய்கிறது. கோயில் திருவிழா, அம்மன் பாட்டு, தீபாராதனை, பேய் விடைபெறுதல், குடும்பம் ஒன்றுசேர்தல். வாக்குமூலம் வாங்கியாயிற்று, வாக்குமூலம் கொடுத்தவளை அனுப்பியாயிற்று. ரசிகன் அடுத்த பாகத்துக்குக் காத்திருக்க வேண்டியதுதான். பசி தீராமல் பார்த்துக்கொள்வதே இந்தக் கூழின் தொழில்நுட்பம்.

மூன்றாவது தெரிதா. 1993இல் வந்த 'மார்க்ஸின் ஆவிகள்'. சோவியத் விழுந்து, வரலாறு முடிந்தது என்று கொண்டாடிக்கொண்டிருந்த நேரத்தில், செத்ததாக அறிவிக்கப்பட்டது திரும்பி வந்துகொண்டேதான் இருக்கும் என்று அவர் எழுதினார். நீதி என்பது உயிரோடு எதிரே நிற்பவர்களுக்கு மட்டும் நாம் படுகிற கடன் அல்ல. செத்துப்போனவர்களுக்கும் இன்னும் பிறக்காதவர்களுக்கும் பட்ட கடன். ஹாம்லெட் நாடகத்தின் முதல் காட்சியில், ஆவியைக் கண்ட காவலாளி, படித்தவனான ஹொரேஷியோவைப் பார்த்து, நீதான் படித்தவனாயிற்றே, அதனிடம் பேசு என்கிறான். படித்தவனுக்கோ ஆவியோடு பேசத் தெரியாது, ஏனென்றால் உண்டு, இல்லை என்ற இரண்டைத் தவிர வேறு அவனுக்குப் பாடமில்லை என்கிறார் தெரிதா. பொங்கலுக்கு மறுநாள் நான் ஹொரேஷியோவாக உட்கார்ந்திருந்தேன்.

இங்கே ஒரு தவறான வாசிப்புக்கு இடம் கொடுத்துவிடக் கூடாது. பேய் நம்பிக்கையை எதிர்ப்பின் மொழி என்று கொண்டாடிப் பேயோட்டுதலுக்கு வக்காலத்து வாங்குவது என் நோக்கமல்ல. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில், மனநலக் காப்பகம் என்ற பெயரில் நடந்த கொட்டகையில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓடமுடியாமல் 28 பேர் கருகிப் போனார்கள். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தெளிவாகத் தடை செய்திருக்கிறது. சிகிச்சை வேண்டும், மருத்துவர் வேண்டும், சங்கிலி அறுபடவேண்டும். இதில் பெரியார் வழிவந்தவர்களின் எதிர்ப்பு நூற்றுக்கு நூறு சரி. நான் சொல்வது அதற்கு அடுத்த கட்டத்தை. பேய் இல்லை என்று நிரூபித்த பிறகும், அந்த வாய் சொன்ன செய்தி பாக்கி இருக்கிறது. அதைக் கேட்கும் பொறுப்பிலிருந்து பகுத்தறிவு நமக்கு விடுமுறை தருவதில்லை.

6

எங்கள் ஊர்ப் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பேய்ப்படமும் அடிப்படையில் ஒரு பூட்டுக் கதைதான். 'சந்திரமுகி' (2005) படத்துக்கு மூலமான மலையாளப் படம் 'மணிச்சித்திரத்தாழ்' (1993). 'தாழ்' என்றால் பூட்டு. திறக்கக்கூடாத அறை, திறந்துவிடுகிற கை. பட்டறைப் பையனிடம் இதைச் சொன்னேன். "பூட்டு செய்றவனுக்கு உள்ள என்ன இருக்குன்னு தெரியாதுண்ணே" என்றான்.

2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த இருபது வயது தலித் பெண் கொல்லப்பட்டார். மேற்பார்வையாளர் கைதானார். அந்தப் பெண்ணின் வீட்டாரும், தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கமும், உடன் வேலை பார்த்த பெண்களும் அதை ஒரு தனி மனிதனின் குற்றமாக மட்டும் மூடிவிட விடவில்லை. தொழிற்சாலைக்குள் பெண்கள் அனுபவித்தவற்றை ஒவ்வொருவராகச் சொன்னார்கள். சொன்னது எழுதப்பட்டது. 2022 ஏப்ரலில் சங்கமும், ஆசிய தரைநிலைக் கூலிக் கூட்டமைப்பும், சர்வதேசத் தொழிலாளர் உரிமை அமைப்பு ஒன்றும் சேர்ந்து ஆலை நிர்வாகத்தோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. வெளிநாட்டுத் துணி நிறுவனங்களும் தனியே கையெழுத்திட்டன. உலகத் தொழிற்சங்க வட்டாரங்களில் அதற்கு 'திண்டுக்கல் ஒப்பந்தம்' என்றே பெயர். பாலியல் வன்முறையைக் கவனித்துச் சொல்வதற்குத் தொழிலாளிப் பெண்களையே தளத்தில் பொறுப்பாக்கியது, புகார் சொன்னவளைப் பழிவாங்கக் கூடாது என்று எழுதி வைத்தது ஆகியவை அதன் முக்கியமான அம்சங்கள்.

ஒப்பந்தம் ஒன்றினால் மில்கள் எல்லாம் திருந்திவிட்டன என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனாலும் அதற்கும் புளியமரத்து ஆணிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். செத்தவளின் பெயரை யாரும் பேயாக்கவில்லை. 'நான்' என்று பேச வேண்டியவர்கள் தங்கள் சொந்தக் குரலில் 'நான்' என்று பேசினார்கள். உடுக்கையும் இடைவேளையும் இல்லாமல் விசாரணை நடந்தது. இதே திண்டுக்கல்லில், பிசாசு 2 படப்பிடிப்பு நடந்த அதே வருஷத்தில் தொடங்கியது இது. டீக்கடைப் பையன்களில் மில் வேலை பார்க்கிறவனுக்கு ஒப்பந்தத்தைப் பற்றித் தெரியாது. படத்தின் டீசர் ஷாட் ஷாட்டாகத் தெரியும். தப்பு அவனுடையது என்று நான் நினைக்கவில்லை. ஒப்பந்தத்தைப் பற்றி அவனிடம் பேசியவர்கள் யார்? நாம் அதைக் கருத்தரங்கில் பேசினோம்.

மிஷ்கினின் முதல் 'பிசாசு' (2014) வேறு மாதிரி ஒரு காரியம் செய்தது. விபத்தில் செத்துப்போன பெண் பேயாக ஓர் இளைஞனின் வீட்டுக்கு வருகிறாள். அவளைக் கொன்றவனை அவன் தேடுகிறான். கடைசியில் வண்டியை ஓட்டியது தானே என்று தெரிகிறது. பேய் அவனைப் பழிவாங்க வரவேயில்லை, காப்பாற்றத்தான் வந்திருக்கிறது. தொடுவானம் நகர்வது என்று யாவ்ஸ் சொன்னது இந்த இடம்தான். அதுவரை வில்லனைத் தேடிக்கொண்டிருந்த பார்வையாளன், தேடுகிறவனே கொன்றவனாக இருக்கலாம், அதுவும் அறியாமலே கொன்றிருக்கலாம் என்ற இடத்தில் கொண்டுபோய் நிறுத்தப்படுகிறான். எனக்கு அந்தப் படம் பிடித்ததற்கும் பிடிக்காமல் போனதற்கும் இதுதான் காரணம். மன்னிக்கிற பேய் பார்க்கிற நமக்குச் சௌகரியமானது. என் தங்கச்சியின் வாயிலிருந்து பேசிய பெண் யாரையும் மன்னித்ததாக எனக்கு நினைவில்லை.

எனவே காத்திருக்கிற ரசிகனைப் பார்த்து நாம் கேட்கவேண்டிய கேள்வி மாறவேண்டும். 'ஏன் இந்தக் குப்பையைப் பார்க்கிறாய்?' என்பது போய், 'அது வாயைத் திறக்கும்போது உனக்கு யார் நினைவு வருகிறது?' என்று கேட்கலாம். நான் கேட்டுப் பார்த்தேன். செல்போன் கடைப் பையன் பேச்சை மாற்றினான். மில் பையன் கொஞ்ச நேரம் கிளாஸை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, தன் ஊரில் ஒரு அத்தையைப் பற்றிச் சொன்னான். சொல்லி முடிக்கும்போது டீக்கடை அடைக்கிற நேரமாகிவிட்டது. இந்த முறை நான் எழுதி வைத்துக்கொண்டேன்.

என் தங்கச்சிக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். மில்லுக்குப் போவதில்லை, நிலக்கோட்டைப் பக்கம் பூக் கட்டுகிற வேலை. போன மாதம் போயிருந்தபோது, பல வருஷம் கழித்து, அந்தப் பெண்ணின் பெயரை நானே எடுத்தேன். அவள் கையில் பூவும் நாரும் அப்படியே நின்றன. எந்த ஊர், எந்த வருஷம், வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். இம்முறை அவளுடைய சொந்தக் குரலில். கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டாள்: "ஏண்ணே, இத்தன நாளு கேக்காம இன்னைக்கு எதுக்குக் கேக்குற?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. இந்தக் கட்டுரையை அதற்காகத்தான் எழுதினேன்.